கொம்பில்லாத பெயர்கள்

பெயர்களில் கொம்பு வைத்த எழுத்தெல்லாம் கட்டமாகி மனிதர்களின் வாயிலிருந்து உதிர்ந்த அந்தப் பதினேழு நாட்களைப் பற்றி உப்போடைக்காரர்களிடம் இன்றைக்குக் கேட்டாலும், ஐப்பசியில் நாலு தூறல் விழுந்ததைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். ஏனென்றால் உப்போடை அப்படிப்பட்ட ஊர், அங்கே குழாயில் தண்ணீருக்குப் பதில் புகை வந்தாலும் முதலில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் ஏன் என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தக் கணினி ஆபரேட்டராக ஏழு வருஷம் வேலை பார்த்தவள் ஜெனோவா. கணவன் செல்வின் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போயிருந்தான், நாலு வயது மகள் கெசியாவைப் பகலெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி பார்த்துக்கொண்டாள். ஊரின் நாலாயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் பெயர்களையும் ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, வீடு வீடாகப் போய், ரெட்டைச் சுழியா மூணு சுழியா, குறிலா நெடிலா என்று கேட்டுக் கேட்டு, எட்டு மாதம் உட்கார்ந்து அடித்தவளும் அவள்தான். அடித்ததை அழகாக அட்டவணை போட்டு பி.டி.எஃப்பாக மாற்றித் தரும் பொறுப்பு மட்டும் பட்டணத்திலிருந்து வந்த ஓர் ஒப்பந்தக்காரரிடம் போனது. அவர் பெயர் அரவிந்த்பாபு. கழுத்தில் டையும் காதில் ஒரு கருவியும் மாட்டியிருந்தார் என்பதால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று அலுவலகம் முடிவுசெய்திருந்தது.

வெளியீட்டு விழாவுக்கு முந்தின வாரமே மாதிரிப் பிரதியைப் பார்த்துவிட்டு ஜெனோவா செயல் அலுவலர் பரமசிவனிடம் ஓடினாள்.

“சார், ஒற்றைக்கொம்பு, ரெட்டைக்கொம்பு வர்ற எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது சார்.”

பரமசிவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “கட்டம் இருந்தாத்தானம்மா அட்டவணை?” என்றார்.

“அது அட்டவணைக் கட்டம் சார். இது பேருக்குள்ள இருக்கு. பேர் போடற பத்தி வேற ரொம்ப ஒடுக்கமா இருக்கு. ஒரே குடும்பம் பாதி இந்தப் பக்கத்துலயும் பாதி அடுத்த பக்கத்துலயும் உடைஞ்சு கிடக்கு.”

பெயர்ப் பத்தி ஒடுங்கிப் போனதற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கு நேரேயும் ‘தலைவரின் வாழ்த்து’ என்று ஒரு பத்தி போட்டு, ஒரே வாழ்த்தை நாலாயிரத்துச் சொச்சம் முறை அச்சிட்டிருந்தார்கள், அந்தப் பத்திதான் பக்கத்தில் பாதியைத் தின்றிருந்தது. பரமசிவன் அந்த வாழ்த்தை ஒருமுறை பக்தியோடு படித்தார். தம் பெயரைத் தேடினார். பரமசிவனில் கொம்பு எதுவும் இல்லாததால் அது பளிச்சென்று முழுதாக இருந்தது.

“நல்லாத்தான இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, பேரூராட்சித் தலைவர் குபேரபாண்டியன் பொன்னாடையோடு வந்து பொத்தானை அழுத்தினார், எல்லோரும் கை தட்டினார்கள், பதிவேடு ஊருக்கு வெளியானது. அந்தக் கணத்திலிருந்து உப்போடை, பதிவேட்டில் எப்படி இருந்ததோ அப்படியே ஆனது.

முதலில் தெரிந்தது பேருந்து நிலையத்தில். நடத்துநர் வழக்கம்போல ஊர்ப் பெயரைக் கூவ வாயைத் திறந்தார், “உப்” என்று ஆரம்பித்ததும் நாக்கிலிருந்து ஏதோ வழுக்கிக் கீழே விழுந்தது, பிறகு “டை, டை” என்று மிச்சம் வந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தார். புளியங்கொட்டை அகலத்தில் ஒரு சதுரம், நாலு பக்கமும் கறுப்புக் கம்பி, நடுவே ஒன்றுமில்லை, தகரம்போல லேசானது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விசில் ஊதினார். பேருந்து நேரத்துக்குக் கிளம்பியது.

அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் ஜெனோவாவைக் கூப்பிட்டபோது இரண்டு கட்டங்கள் மேஜையில் உதிர்ந்து, “வா” என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. ஊரெல்லாம் அவள் அன்றிலிருந்து வெறும் ‘வா’தான், கடையில் யாரோ யாரையோ வா என்று கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மதியம் பிள்ளைக்குச் சோறு கொடுக்க வீட்டுக்குப் போனபோதுதான், கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு வெள்ளை நிற்பதைப் பார்த்தாள்.

இரண்டு முழ அகலம். சுவரில்லை, திரையில்லை, புகையில்லை. பதினாலாம் பக்கத்தின் அடியிலும் பதினைந்தாம் பக்கத்தின் தலையிலும் விடப்பட்டிருந்த வெற்றுக் காகிதத்தின் வெள்ளை. அதற்கு அந்தப் பக்கம், அடுக்களைத் தரையில், கெசியா தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டில் செல்வினும் ஜெனோவாவும் பதினாலாம் பக்கத்தின் கடைசி வரிகளில் நின்றுபோக, பிள்ளையின் பெயர் மட்டும் உடைந்து பதினைந்தாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

ஜெனோவா வெள்ளைக்குள் நடந்தாள், நடந்து நடந்து கூடத்திலேயே வந்து நின்றாள். கையை நீட்டினாள், கை தன் பக்கமே திரும்பி வந்தது. பிள்ளையைக் கூப்பிட்டாள். ஒரு கட்டம் காலடியில் விழுந்தது, “சியா” என்ற மிச்சமும் வெள்ளையைத் தாண்டவில்லை. கெசியா இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சோற்றுக் கையால் டாட்டா காட்டினாள்.

சண்முகக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறவாசல் வழியாகத் தெருவைச் சுற்றி வந்தாள். வந்தால், வெள்ளையும் கூடவே வந்து தாய்க்கும் மகளுக்கும் நடுவே நின்றது. கோயில் வாசலில் நின்று பார்த்தார்கள், உப்பளக் கரையில் நின்று பார்த்தார்கள், எங்கே நின்றாலும் இரண்டு முழம்.

“நீ வெசனப்படாத பிள்ளே” என்றாள் சண்முகக்கனி. அவள் பெயர் பதினைந்தாம் பக்கத்தில் உடையாமல் இருந்ததால் அவளுக்கு எந்தப் பக்கமும் போகவரத் தடையில்லை. “நான் சாப்பாடு கொடுக்கேன், குளிப்பாட்டுதேன். நீ ஆபீசுல போய் அதச் சரி பண்ணச் சொல்லு.”

இப்படி முப்பத்தோரு வீடுகள் உடைந்திருந்தன. முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் திரண்டு வந்து அலுவலகத்தை உலுக்குவார்கள் என்று ஜெனோவா நினைத்தாள். அவள் எட்டு மாதம் வீடு வீடாக அலைந்து பெயர்களைத்தான் தெரிந்துகொண்டிருந்தாள், ஆட்களை இல்லை. இசக்கிமுத்தும் சந்தனமுத்தும் பன்னிரண்டு வருஷமாகப் பாகப் பிரிவினைக்கு அடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி, அவர்கள் வெள்ளையைக் கண்டதும் வழக்கறிஞரை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு லட்டு கொடுத்தார்கள். மாமியாரை அடுத்த பக்கத்துக்கு இழந்த மருமகன் ஒருவர் பதிவேட்டுக்குச் சூடம் காட்டினார். மூன்றாம் நாள் பேரூராட்சி கூடி, அந்த முப்பத்தோரு வெள்ளைகளும் யார் பட்டாவிலும் இல்லாததால் புறம்போக்கு என்று தீர்மானம் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ‘இது பேரூராட்சிக்குச் சொந்தமான இடம், அசுத்தம் செய்யாதீர்’ என்று பலகை நட்டது.

கட்டங்கள் கதை இன்னும் சிறப்பு. கோமதியும் தேவசகாயமும் பொன்ராஜும் பேச்சிமுத்துவும் நிறைந்த ஊர், நாளெல்லாம் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், தெருவெல்லாம் கட்டம் உதிர்ந்தது. பெண்கள் கோத்து வாசலுக்குத் திரை போட்டார்கள். பேச்சிமுத்து கிலோக் கணக்கில் வாங்கிக் கோழிக்கூட்டுக்கு வலை பின்னி விற்றார், சரக்குக் குறைந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து வருகைப் பதிவேட்டை மூன்று தடவை படிக்கச் சொன்னார். சோதிடர் ஒருவர் ஊருக்கே கட்டம் சரியில்லை என்று சொல்லிப் பரிகாரத்துக்கு ஆள் சேர்த்தார். ஒருவரும், இது என் பெயரின் எழுத்தாயிற்றே என்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எழுத்துப் போய்ச் சரக்கு வந்ததில் அந்த ஊருக்கு ஒரு நிம்மதியே இருந்தது.

ஜெனோவா மனு எழுதிக்கொண்டு போனாள். பரமசிவன் வாங்கி, மேலே கீழே பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

“மனுதாரர் பேரு பதிவேட்டுல உள்ளபடி இருக்கணும்மா. நீ ஜ போட்டு, கொம்பு போட்டு என்னென்னமோ எழுதியிருக்க. பதிவேட்டுல அப்படி ஒரு ஆளே இல்லையே.”

“சார், நான் உங்க முன்னாடிதான நிக்கேன்.”

“நிக்க, பாக்குதேன். ஆனா ஆவணத்துல இல்லையே.”

அவள் இரண்டு கட்டம் வரைந்து பக்கத்தில் ‘வா’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் திருப்தியோடு முத்திரை குத்தி அடியில் வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் அரவிந்த்பாபு வந்தார். மடிக்கணினியைத் திறந்து, பதிவேட்டைத் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார். “என் லேப்டாப்ல சரியாத்தானே இருக்கு?” என்றார். உண்மைதான், அவருடைய திரையில் எல்லாக் கொம்பும் இருந்தது. கூடியிருந்த உறுப்பினர்கள் ஆகா என்றார்கள். ஊர் தப்பாக இருக்கிறது, ஃபைல் சரியாக இருக்கிறது என்று ஒருவர் முடிவே சொல்லிவிட்டார்.

“உங்க மெஷின்ல அந்த ஃபாண்ட் போட்டிருக்கீங்க, அதான் சார் தெரியுது” என்றாள் ஜெனோவா. “ஃபைலுக்குள்ள ஃபாண்ட் முழுசா இல்ல. கொம்பு எழுத்தெல்லாம் யாரோ வெட்டி எடுத்திருக்காங்க.”

அரவிந்த்பாபு முதல்முறையாக அவளைப் பார்த்தார். “ரெண்டு எம்.பி.க்கு மேல சர்வர் வாங்காது மேடம். தலைவர் படமே ஒன்னே முக்கால் எம்.பி. வேற எங்கே குறைக்கறது? கொம்பு எழுத்து சும்மா இடத்தை அடைக்குது.”

“படத்தைக் குறைச்சிருக்கலாமே?”

அறையில் இருந்தவர்கள் அவள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் குபேரபாண்டியனின் பெயரிலும் கொம்பு உண்டு, ஆனால் அது முதல் பக்கத்துப் படத்தோடு படமாகவே சேர்ந்திருந்ததால் அதற்கு ஒரு சேதமும் வரவில்லை. அவர் பெயரைச் சொன்னால் மட்டும் யார் வாயிலிருந்தும் எதுவும் உதிரவில்லை. அதைத் தம் புண்ணியம் என்று அவர் நம்பினார்.

“ஏம்மா, படத்தைக் குறைக்கச் சொல்ல உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அரவிந்த்பாபு யோசனை சொன்னார்: ஆவணத்தை மாற்றுவது செலவு, ஆட்கள் பெயரை மாற்றிக்கொண்டால் காரியம் சுலபம். அது ஏகமனதாக நிறைவேறியது. பெயர் மாற்ற முகாமுக்குப் பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

இத்தனை நாளும் ஜெனோவா சாயங்காலமானால் வெள்ளையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கெசியா அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, வரைந்ததைத் தூக்கிக் காட்டுவாள், ஆடிக் காட்டுவாள், வாயை அசைத்து எதையோ நீளமாகச் சொல்வாள். அது என்னவென்று சண்முகக்கனிதான் வந்து சொல்ல வேண்டும்.

“ஏன் அம்மா என்னைக் கூப்பிடவே மாட்டேங்குன்னு கேக்கா” என்றாள் ஒரு நாள்.

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன் அக்கா.”

“எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே.”

பன்னிரண்டாம் நாள் கெசியா முதுகைத் திருப்பி உட்கார்ந்து விளையாடினாள். கோபத்தில் இல்லை, கோபமாக இருந்தால் ஜெனோவாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது, அதனால் அப்படித் திரும்பி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். பதினாறாம் நாள் வரை அவள் திரும்பவில்லை. அன்றைக்குச் சண்முகக்கனியிடம் ஓடி அவள் முந்தானையில் வாயைத் துடைத்தபோது, பிள்ளையின் உதடு ‘அம்மா’ என்று அசைந்ததை ஜெனோவா தெளிவாகப் பார்த்தாள். சத்தம் வராத இடத்தில் உதட்டைப் படிக்க அவள் நன்றாகப் பழகியிருந்தாள்.

பதினேழாம் நாள் பெயர் மாற்ற முகாம். திருமண மண்டபத்தில் ஊரே திரண்டு, சாமி தரிசனத்துக்கு நிற்பதுபோல வரிசையில் நின்றது. கோமதி குமதி ஆனாள். தேவசகாயம் தவசகாயம் ஆனார். கேசவன் கசவன் ஆனார். பொன்ராஜ் பன்ராஜ் என்று சான்றிதழ் வாங்கி, நெஞ்சோடு பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். தாயும் தகப்பனும் வைத்த பெயரை விட்டுக்கொடுக்கிற துக்கம் ஒரு முகத்தில்கூட இல்லை. சீக்கிரம் போனால்தான் கேசரி கிடைக்கும் என்ற கவலைதான் இருந்தது.

அலுவலகத்தில் ஜெனோவா மட்டும் இருந்தாள். பரமசிவனின் டிஜிட்டல் கையெழுத்துக் குச்சி அவர் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்தது. அதை எடுத்துப் பூட்டுவதும் கடவுச்சொல்லை அடிப்பதும் சிரமம் என்று, ஏழு வருஷமாக அவர் கையெழுத்தையெல்லாம் அவளையே போடச் சொல்லியிருந்தார்.

அவள் அட்டவணையின் மூலத்தைத் திறந்தாள். முதலில் எழுத்துருவை முழுசாக உள்ளே சேர்த்தாள். மாதிரிப் பிரதி எடுத்தால், கோப்பு இரண்டு எம்.பி.யைத் தாண்டிவிட்டது, சர்வர் வாங்காது. முதல் பக்கத்தில் தலைவரின் படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தாள். அழித்தாள். மறுபடி பிரதி எடுத்தாள். கட்டங்கள் போய்க் கொம்புகள் வந்திருந்தன, ஆனால் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பெல்லாம் பின்னால் போய் நின்றன, கோமதி வீட்டு வாசலிலேயே தலைகீழாக நிற்பதுபோல இருந்தது. தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோக்கத் தெரியாத பழைய முறையில் அரவிந்த்பாபு அதை ஓட்டியிருந்தார். அந்த அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றினாள். கொம்புகள் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு நகர்ந்தன. பிறகு வாழ்த்துப் பத்தியை மொத்தமாக எடுத்தாள், பெயர்ப் பத்தி விரிந்தது, மடிந்து மடிந்து கிடந்த பெயர்கள் காலை நீட்டிப் படுத்தன. கடைசியாக, ஒரு குடும்பத்தின் வரிசை பக்கங்களுக்கு நடுவே உடையக் கூடாது என்ற சின்னக் குறியைத் தட்டினாள். இவ்வளவுதான் வேலை. மொத்தம் நாற்பது நிமிஷம்.

பதினாலாம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். செல்வின், ஜெனோவா, கெசியா. மூன்றும் ஒரே கட்டத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

படம் போய்விட்டதால் தலைவர் பதிவேட்டில் எங்கேயுமே இல்லாமல் போனார். அதுவும் நியாயமில்லை என்று தோன்றியது. மூன்றாம் வார்டில், கதவு எண் போட்டு, அவரையும் அவர் குடும்பத்தையும் மற்றவர்களைப் போல ஒரு வரிசையில் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டாள். வெளியிட்டாள்.

மண்டபத்தில் அந்நேரம் குபேரபாண்டியன் ஒலிபெருக்கியைப் பிடித்து உரையாற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று முன் வரிசையில் ஒருவர் எழுந்து, “நீங்க எந்த வார்டு? டோக்கன் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார். கேசரி வரிசையில் போய் நிற்கச் சொல்லி இன்னொருவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தலைவர் கத்தினார். அந்த ஊரில் தினம் நாலு பேர் கத்துவது உண்டு, யாரும் திரும்பவில்லை.

ஜெனோவா செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினாள். வெள்ளை இல்லை. நடுவீட்டில் பேரூராட்சிப் பலகை மட்டும் எதற்கென்று தெரியாமல் நின்றிருந்தது. அடுக்களையில் கெசியா முதுகைக் காட்டி உட்கார்ந்து, தட்டில் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“கெசியா” என்றாள். எதுவும் உதிரவில்லை.

பிள்ளை திரும்பினாள். ஓடி வரவில்லை. தன் தாயை மேலிருந்து கீழே நன்றாகப் பார்த்தாள்.

“இப்ப மட்டும் கூப்பிடுத?”

“கெசியா” என்றாள் மறுபடியும். உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னொரு முறை சொன்னாள். பிள்ளை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாக நகர்ந்து வந்து மடியில் ஏறிக்கொண்டு, “இன்னும் சொல்லு” என்றாள். எத்தனை தடவை சொன்னாள் என்று யாரும் எண்ணவில்லை. சண்முகக்கனி புறவாசலில் நின்று மூக்கைச் சிந்திவிட்டு, அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஊரே திரண்டு அலுவலகத்துக்கு வந்தது. ஜெனோவா பார்க்க நினைத்த கூட்டம் அன்றைக்குத்தான் வந்தது, அவள்மேல் புகார் கொடுக்க. புதுப் பெயருக்குச் சான்றிதழ் வாங்கி நெஞ்சோடு வைத்துப் படம் எடுத்தவர்களுக்குப் பழைய பெயர் வாயில் வந்துவிட்டது. பேச்சிமுத்துவுக்குச் சரக்கு நின்றுவிட்டது. இசக்கிமுத்தும் சந்தனமுத்தும் மறுபடி ஒரே கூடத்தில் நேருக்கு நேர் விழிக்க வேண்டியிருந்தது. கேசரி கிடைக்காதவர்கள் அதற்கும் அவளைத்தான் சொன்னார்கள். நன்றாக இருந்ததை ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்று, கொம்போடு சேர்த்து அவள் முழுப் பெயரையும் சொல்லித் திட்டினார்கள். பதினேழு நாளைக்குப் பிறகு அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பரமசிவன் அவளைக் கூப்பிட்டார். மேடையிலிருந்து கேசரி வரிசைக்கு இறக்கிவிடப்பட்ட ஒருவர் அதற்குள் மேலிடத்துக்குப் போய் அழுதிருந்தார்.

“வேலையிலிருந்து நீக்கச் சொல்லி மேலிருந்து போன் வந்துட்டும்மா. நான் என்ன செய்ய? ஆர்டர் போடணும்.” கொஞ்ச நேரம் மேஜையைத் தடவினார். “ஆனா ஆர்டரை யார் அடிப்பா? பாபு போனை எடுக்க மாட்டேங்காரு. எனக்கு இந்த பி.டி.எஃப் எழவெல்லாம் வராது. நீயே ஒரு தடவ…”

ஜெனோவா உட்கார்ந்தாள். ஒரே பக்கம். மேலே பொருள், கீழே மூன்று பத்தியில் ஓர் அட்டவணை: பெயர், பதவி, நீக்கப்பட்ட நாள். பத்திகளின் அகலத்தை அளந்து வைத்தாள், எழுத்துருவை உள்ளே சேர்த்தாள், ஜெனோவா என்ற பெயரின் இரண்டு கொம்பும் இடம் மாறாமல் நிற்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். அடியில் செயல் அலுவலரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் போட்டாள். அந்த அலுவலகத்திலிருந்து வெளிவந்த ஆவணங்களிலேயே ஒரு பிழையும் இல்லாதது அதுதான்.

குச்சியை இனி அவள் தொடக் கூடாது என்பதால் பரமசிவன் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஏழு வருஷமாகப் பேனா பிடித்துப் பழக்கமில்லாத கையில் முதல் எழுத்தே கோட்டைத் தாண்டிக் கிழக்கே போனது.

ஜெனோவா இன்னொரு பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“கட்டத்துக்குள்ள போடுங்க சார்” என்றாள்.